ஜூன்ல மலைக்கு டிரெய்லர் இழுத்துட்டுப் போறீங்களா? 'திரும்பி வர்ற பணம்' எடுத்து வச்சாச்சா?



அமெரிக்காவுல வேலை பாக்கற நம்ம வாசகர்கள் பல பேர்கிட்ட மே மாசம் வந்தாலே ஒரு பிளான் ரெடியா இருக்கும். மெமோரியல் டே லாங் வீக்கெண்டோட மூணு நாள் லீவு சேர்த்துக்கலாம். இல்லைன்னா ஜூன்ல ஸ்கூல் லீவு விட்டதும் கிளம்பலாம். ஒரு கேம்பிங் டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, எஸ்யூவி பின்னாடி மாட்டிட்டு, ராக்கி மலைப் பக்கம் ஒரு ரவுண்டு. ஹோட்டல் செலவு மிச்சம். சமையல் நம்மளே பண்ணிக்கலாம். குழந்தைங்க தூங்க கட்டில் இருக்கு. எக்செல்ல போட்டுப் பாத்தா கணக்கு அழகாத்தான் வரும்.

ஆனா அந்த எக்செல்ல ஒரு வரி மட்டும் பெரும்பாலும் இருக்காது. அதுதான் வானிலை.

மலையில கோடை, காலண்டர்ல வர்ற கோடையோட சேர்ந்து வராது. இது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். ஆனாலும் ஏன் ஜூன் மாசப் பனியில, மழையில, காத்துல டிரெய்லரோட மாட்டிக்கிறாங்க? காரணம் பெரும்பாலும் பணம்தான். 'ஆயிரம் டாலர் கட்டியாச்சு, ரீஃபண்ட் கிடையாது, லீவும் போட்டாச்சு, இப்ப எப்படித் திரும்பறது?' என்ற ஒரே எண்ணம், வண்டியைத் திருப்ப வேண்டிய இடத்துல ஆக்சிலரேட்டரை மிதிக்க வைக்குது. முதலீட்டுல நஷ்டத்துல இருக்கற பங்கை விக்க மனசு வராம பிடிச்சுட்டே இருக்கோமே, அதே மனநிலை. பங்குல போறது பணம் மட்டும். மலைப்பாதையில வண்டிக்குள்ள குடும்பமே உக்காந்திருக்கு.

அதனால இந்தப் பதிவுல ரெண்டு விஷயம் பாக்கப் போறோம். ஜூன் மாச மலை வானிலை எப்படி வேலை செய்யுது? அது கெட்டா நஷ்டமில்லாம திரும்பி வர்ற மாதிரி பட்ஜெட்டை எப்படிப் போடுறது?

கீழ டி-ஷர்ட், மேல ஸ்வெட்டர்: ஒரு சின்னக் கணக்கு

உயரம் ஒவ்வொரு 1,000 அடி கூடும்போதும் வெப்பநிலை சராசரியா 3.5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். இதை மனசுல வச்சுக்கிட்டா பாதி மலை வானிலை புரிஞ்சுடும்.

டென்வர் நகரம் 5,280 அடி உயரத்துல இருக்கு. பக்கத்துல இருக்கற ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவோட ட்ரெயில் ரிட்ஜ் ரோடு 12,183 அடி வரைக்கும் ஏறும். வித்தியாசம் சுமார் 6,900 அடி. அதாவது கிட்டத்தட்ட 24 டிகிரி குறைவு. டென்வர்ல 80 டிகிரி வெயில்னா மேல 56. இது பரவாயில்லை. ஆனா டென்வர்ல மேகமூட்டத்தோட 55 டிகிரியில மழை தூறுதுன்னு வைங்க. மேல அது 31 டிகிரி. தண்ணி உறையறது 32-ல. கீழ தூறல், மேல பனி! ஒரே நாள், ஒரே மேகம்.

அதனாலதான் போன்ல 'டென்வர் வெதர்' பாத்துட்டு மலை ஏறக்கூடாது. நாம தூங்கப்போற இடத்தோட உயரம் என்ன, கடக்கப்போற கணவாயோட உயரம் என்னன்னு தனித்தனியா பாக்கணும். யெல்லோஸ்டோன் பூங்காவோட சராசரி உயரமே சுமார் 8,000 அடி. ஜூன் மாசத்துலயும் அங்க ராத்திரி உறைநிலைக்குப் பக்கத்துல போறது சாதாரணம்.

இன்னொரு ஆதாரம் வேணுமா? கொலராடோவுல ஐ-70 நெடுஞ்சாலையோட மலைப்பகுதியில, டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் நடுவுல, பனிக்கால டயர் சட்டம் செப்டம்பர் 1-ல ஆரம்பிச்சு மே 31 வரைக்கும் அமல்ல இருக்கும். மெமோரியல் டே வர்றது மே மாசக் கடைசி திங்கட்கிழமை. அதாவது நாம 'சம்மர் ஆரம்பிச்சாச்சு'ன்னு கிளம்பற அந்த வீக்கெண்டு, சட்டப்படி இன்னும் பனிக்காலம்!

ரோடு திறந்திருக்கும்னு யார் சொன்னாங்க?

உயரமான மலைப்பாதைகளை வருஷாவருஷம் பனியை வெட்டித்தான் திறக்கறாங்க. திறக்கற தேதி நம்ம லீவு லெட்டரைப் பாத்து வர்றதில்லை.

ட்ரெயில் ரிட்ஜ் ரோடு வழக்கமா மெமோரியல் டே சமயத்துல திறக்கும். திறந்த பிறகும் ஜூன்ல பனி கொட்டினா ராத்திரியோட ராத்திரியா மூடுவாங்க. மொன்டானா, வயோமிங் எல்லையில இருக்கற பேர்டூத் ஹைவேயும் (10,947 அடி) அப்படித்தான்.

மொன்டானாவுல கிளேசியர் பூங்காவோட 'கோயிங் டு தி சன்' ரோடு முழுசா திறக்கறது பெரும்பாலும் ஜூன் கடைசியில இல்லைன்னா ஜூலை முதல் பாதியில. திறந்தாலும் டிரெய்லரோட போக முடியாது. நடுப்பகுதியில, அதாவது அவலாஞ்ச் க்ரீக் முதல் ரைசிங் சன் வரைக்கும், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடிக்கு மேல நீளமோ, கண்ணாடியையும் சேர்த்து 8 அடிக்கு மேல அகலமோ இருந்தா அனுமதி கிடையாது. டிரெய்லரை கேம்ப்ல விட்டுட்டு கார்ல மட்டும் போகணும்.

கலிஃபோர்னியாவுல யோசெமிட்டியோட டியோகா ரோடு சாதாரண வருஷங்கள்ல மே கடைசியிலயோ ஜூன்லயோ திறக்கும். 2023-ல பனி அதிகம். திறந்தது ஜூலை 22! ஜூன் மாசத்துக்கு லீவு வாங்கி, டிரெய்லர் புக் பண்ணி வச்சிருந்தவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

பனி உருகும்போதும் பிரச்சினைதான்

2022 ஜூன் 13. யெல்லோஸ்டோன் பகுதியில மலை மேல இன்னும் நிறையப் பனி இருந்த நேரம். அது மேல வெதுவெதுப்பான கனமழை பெய்ஞ்சது. மழைத் தண்ணியும் உருகின பனியும் சேர்ந்து ஆத்துல இறங்குச்சு. கார்வின் ஸ்ப்ரிங்ஸ்ங்கற இடத்துல யெல்லோஸ்டோன் ஆறு 13.88 அடி உயரம் தொட்டுது. அதுக்கு முந்தைய சாதனை 1918-ல பதிவான 11.5 அடி. வடக்கு வாசல் ரோடும் வடகிழக்கு வாசல் ரோடும் பல இடத்துல அடிச்சுட்டுப் போச்சு. உள்ள இருந்த 10,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்களை வெளியேத்தினாங்க. தெற்குப் பகுதி ஜூன் 22-லயும், வடக்குப் பகுதியோட பெரும்பகுதி ஜூலை 2-லயும்தான் திரும்பத் திறந்தது.

2024 ஜூன் 8-ல வயோமிங்ல டீட்டன் பாஸ் ரோட்டோட ஒரு பகுதி நிலச்சரிவுல அப்படியே சரிஞ்சு விழுந்தது. ஐடஹோ பக்கத்துல இருந்து ஜாக்சன் ஊருக்குப் போற முக்கியமான வழி அது. தற்காலிகப் பாதை போட்டுத் திறந்தது ஜூன் 28-ல.

ரெண்டுமே ஜூன். இந்த மாதிரி பெரிய சம்பவம் எல்லா வருஷமும் நடக்காதுதான். ஆனா சின்ன அளவுல, ஒரு நாள் மூடறது, கேம்ப்ல தண்ணி ஏறறது, சுத்துவழி போறது எல்லாம் ஜூன்ல சகஜம்.

இதுல ஒரு பண விஷயம் ஒளிஞ்சிருக்கு. அரசோட முன்பதிவு தளமான ரெக்ரியேஷன் டாட் கவ் மூலமா புக் பண்ண கேம்ப்பை அவசரநிலையில மூடினா கேம்ப் கட்டணம் முழுசா திரும்ப வந்துடும். ஆனா டிரெய்லர் வாடகை? 'வண்டி எங்ககிட்ட ரெடியாத்தானே இருக்கு, நீங்கதானே போகலை'ன்னு சொல்ல வாடகைக்கு விடறவருக்கு உரிமை இருக்கு. பட்ஜெட்டோட பெரிய பகுதி மாட்டிக்கிறது இங்கதான்.

டிரெய்லர் மாட்டினா வானிலை இரட்டிப்பாகும்

கார்ல தனியா போகும்போது 'கொஞ்சம் காத்து'ன்னு தோணறது, பின்னாடி 20 அடிக்கு ஒரு பெட்டி இருக்கும்போது வேற அனுபவம். ஒவ்வொண்ணா பாப்போம்.

*காத்து:* டென்வர்ல இருந்து யெல்லோஸ்டோன் போறவங்க பல பேர் வயோமிங்ல ஐ-80 நெடுஞ்சாலையில லாரமி, ராலின்ஸ் வழியா போவாங்க. காத்துக்குப் பேர் போன ரோடு அது. காத்து பலமா அடிக்கிற நாள்ல 'எடை குறைஞ்ச, உயரமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை'ன்னு போர்டு போட்டுடுவாங்க. நம்ம டிரெய்லர் சரியா அந்த வகைதான். டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சா கார் பிரேக்கை அழுத்தி மிதிக்காதீங்க. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க, ஸ்டீயரிங்கை நேரா பிடிங்க, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால மெதுவா போடுங்க.

*ஏத்தம்:* டர்போ இல்லாத இன்ஜின், ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3% சக்தியை இழக்கும். 10,000 அடியில கிட்டத்தட்ட 30% காலி. 'என் எஸ்யூவி 5,000 பவுண்டு இழுக்கும்'னு மேனுவல்ல இருக்கறதை நம்பி 4,900 பவுண்டு டிரெய்லர் எடுக்காதீங்க. விளம்பரத்துல போடற காலி எடையைப் பாக்காம, முழு லோடோட அனுமதிக்கப்பட்ட எடையைப் பாருங்க. தண்ணி, கேஸ், அரிசி மூட்டை, குக்கர் எல்லாம் சேர்ந்துதான் நம்ம டிரெய்லர்!

*இறக்கம்:* கீழ் கியர்ல இறங்கணும். பிரேக்கை விடாம மிதிச்சுட்டே வந்தா சூடாகி பிடிக்காம போயிடும். ஈர ரோட்டுல இது இன்னும் ஆபத்து. டிரெய்லர்ல தனி பிரேக் இருக்கா, நம்ம கார்ல அதுக்கான பிரேக் கன்ட்ரோலர் இருக்கான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க. பல மாநிலங்கள்ல குறிப்பிட்ட எடைக்கு மேல அது சட்டப்படி கட்டாயம்.

*மதிய இடி:* காலையில பளிச்சுன்னு இருக்கும். வெயில் ஏற ஏற மலைச்சரிவுல சூடான காத்து மேல போய், மதியத்துக்கு மேகம் திரண்டு இடி, மின்னல், சில சமயம் ஆலங்கட்டி. ராக்கி மலையில கோடைக்காலத்தோட டைம் டேபிளே இதுதான். அதனால உயரமான கணவாயை காலை 11 மணிக்குள்ள கடந்துடற மாதிரி கிளம்புங்க.

*குளிர் ராத்திரி:* ஹீட்டர் கேஸ்ல ஓடினாலும் அதோட ஃபேன் பேட்டரியில ஓடும். கரண்ட் கனெக்ஷன் இல்லாத கேம்ப்ல ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடினா விடியறதுக்குள்ள பேட்டரி தீரலாம். அப்போ அடுப்பைப் பத்த வச்சு குளிர் காயறது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் வேலை செய்யுதான்னு டிரெய்லரை வாங்கும்போதே அழுத்திப் பாருங்க. தண்ணி ஹோஸை ராத்திரி கழட்டி வச்சுடுங்க, உறைஞ்சா வெடிக்கும்.

துணிச் சுவர் உள்ள மடக்கு டிரெய்லர் வாடகை கம்மின்னு எடுக்கறவங்க கவனிங்க. யெல்லோஸ்டோன்ல கரண்ட், தண்ணி, கழிவுநீர் மூணும் உள்ள ஒரே கேம்ப் ஃபிஷிங் பிரிட்ஜ். கரடி நடமாட்டம் காரணமா அங்க கெட்டிச் சுவர் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி.

இப்ப கணக்குக்கு வருவோம்

6 நாள், 5 ராத்திரி, மொத்தம் 1,200 மைல். இது ஒரு மாதிரிக் கணக்குதான், உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்குங்க.

- டிரெய்லர் வாடகை: 6 × 120 = 720 டாலர்
- சர்வீஸ் கட்டணம், இன்சூரன்ஸ், கிளீனிங்: 280 டாலர்
- கேம்ப் இடம்: 5 × 50 = 250 டாலர்
- பெட்ரோல்: 350 டாலர் (காலனுக்கு 12 மைல், காலன் 3.50 டாலர்)
- சாப்பாடு, நுழைவுக் கட்டணம்: 250 டாலர்

மொத்தம் 1,850 டாலர். செக்யூரிட்டி டெபாசிட் தனி.

கிளம்பறதுக்கு முந்தின நாள் வானிலை மோசம்னு தெரியுது. ரத்து செஞ்சா எவ்வளவு போகும்? பெட்ரோலும் சாப்பாடும் இன்னும் செலவாகலை. கேம்ப்புக்கு, ரெக்ரியேஷன் டாட் கவ் விதிப்படி முன்கூட்டியே ரத்து செஞ்சா 10 டாலர் கட்டணம் மட்டும். வர வேண்டிய நாளுக்கு முந்தின நாளோ அதுக்கப்புறமோ ரத்து செஞ்சா 10 டாலரோட முதல் ராத்திரி வாடகையும் போகும். சொல்லாமலே போகாம விட்டா 20 டாலரும் முதல் ராத்திரியும். தனியார் நடத்தற கேம்ப்கள்ல விதி மாறும், படிச்சுக்குங்க. ஆக, கேம்ப்ல போறது 60 டாலர்தான். டிரெய்லரோட 1,000 டாலர்தான் பெருசு. அதுவும் எந்த ரத்து விதியில புக் பண்றோம்ங்கறதைப் பொறுத்தது. ஒரே மாதிரி ரெண்டு டிரெய்லர் இருந்து, ஒண்ணு 15 டாலர் கூடுதலா, ஆனா சில நாள் முன்னாடி வரைக்கும் ரத்து செய்யலாம்னா, ஜூன் மாசத்துக்கு அதை எடுங்க. ஜூலை கடைசிக்குன்னா மலிவானதை யோசிக்கலாம்.

அடுத்தது முக்கியம். வழியில திரும்பறதுக்கு, இல்லைன்னா ஒரு நாள் காத்திருக்கறதுக்கு ஆகற செலவு:

- அடிவாரத்துல மோட்டல், 2 ராத்திரி: 300 டாலர்
- சுத்துவழி 200 மைல் பெட்ரோல்: சுமார் 60 டாலர்
- வெளிச் சாப்பாடு: 80 டாலர்
- டிரெய்லர் ஒரு நாள் லேட்டா திருப்பிக் கொடுத்தா: 120 டாலர்

மொத்தம் 560 டாலர். டிரிப் பட்ஜெட்டுல சுமார் 30%. இதுக்குத்தான் நான் 'திரும்பி வர்ற பணம்'னு பேர் வச்சிருக்கேன். இதை கிரெடிட் கார்டு லிமிட்னு நினைக்காதீங்க. சேவிங்ஸ் அக்கவுண்ட்ல தனியா எடுத்து வையுங்க. வானிலை நல்லா இருந்தா பணம் அப்படியே வீட்டுக்கு வந்துடும், அடுத்த டிரிப்புக்கு ஆச்சு. மோசமா இருந்தா, மலை அடிவாரத்துல நின்னுட்டு 'மோட்டலுக்கு 150 டாலர் தண்டமா'ன்னு யோசிக்கவே வேண்டாம். அந்தப் பணத்தை அதுக்குன்னே எடுத்து வச்சாச்சு.

1,850-க்கு மேல 560 எடுத்து வைக்க முடியலைன்னா என்ன பண்றது? டிரிப்பை நாலு நாளா சுருக்குங்க. ஆறு நாளும் போய் பஃபர் இல்லாம மாட்டிக்கிறதைவிட அது மேல்.

லீவும் பணம்தான். ஞாயிறு ராத்திரி வீடு வந்து திங்கள் காலை மீட்டிங்னு பிளான் போட்டா, ஞாயிறு மதியம் எவ்வளவு காத்து அடிச்சாலும் ஓட்டத்தான் தோணும். சனிக்கிழமை திரும்பற மாதிரி போடுங்க.

இன்சூரன்ஸ்ல மூணு ஓட்டை

ஒண்ணு: நம்ம கார் பாலிசியில, டிரெய்லர் மத்தவங்க வண்டியை இடிச்சா வர்ற பொறுப்பு பெரும்பாலும் கவர் ஆகும். ஆனா டிரெய்லருக்கே ஆகற சேதம் பெரும்பாலும் கவர் ஆகாது. ஏஜென்ட்கிட்ட மெயில்ல கேட்டு பதிலை வச்சுக்குங்க.

ரெண்டு: கிரெடிட் கார்டு தர்ற வாடகைக் கார் காப்பீட்டை நம்பாதீங்க. டிரெய்லர் பொதுவா அதுல வராது. வாடகைக் காரை வச்சு டிரெய்லர் இழுக்கறதையும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் தடை பண்ணும்.

மூணு: ஆலங்கட்டி. கார் மேல விழுந்தா அது காம்ப்ரிஹென்சிவ் கவர்ல வரும், வெறும் லயபிலிட்டியில வராது. 2017 மே 8-ல டென்வர் பகுதியில பெய்ஞ்ச ஆலங்கட்டி மழையில காப்பீட்டு இழப்பு மட்டும் சுமார் 230 கோடி டாலர். பழைய கார்தானேன்னு காம்ப்ரிஹென்சிவ்வை எடுத்துவிட்டவங்க, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

மூணு நேரத்துல மூணு முடிவு

*புக் பண்ணும்போது:* ஜூன்னா தாழ்வான கேம்ப், உயரமான ரோடு இல்லாம போக முடியற வழி. உயரமான கணவாய்தான் டிரிப்போட ஹைலைட்னா ஜூலை நடுவுக்கு மேல தள்ளுங்க.

*மூணு நாள் முன்னாடி:* வெதர் டாட் கவ் தளத்துல மேப்ல கேம்ப் இருக்கற இடத்தையும் கணவாயையும் தனித்தனியா கிளிக் பண்ணி முன்னறிவிப்பைப் பாருங்க. இலவசம். பூங்கா தளத்துல ரோடு நிலவரம் பாருங்க. ரத்து செய்யணும்னா, முதல் ராத்திரி வாடகை போறதுக்கு முன்னாடியே செய்யுங்க.

*அன்னிக்கு காலையில:* 511-க்கு போன் போட்டா மாநில ரோடு நிலவரம் சொல்வாங்க. டயர் குளிர்ந்திருக்கும்போதே பிரஷர் பாருங்க, 10 டிகிரி குறைஞ்சா சுமார் ஒரு பாயிண்ட் இறங்கும். காத்து எச்சரிக்கையோ, கணவாய்ல பனியோ இருந்தா அன்னிக்கு நகர வேண்டாம்.

இந்த எல்லைகளை வீட்ல உக்காந்து ரெண்டு பேரும் பேசி, போன்ல எழுதி வச்சுக்குங்க. மலையில, களைப்புல, பின்சீட்ல குழந்தை அழும்போது புதுசா முடிவு எடுக்க முடியாது. எழுதி வச்சதைப் பின்பற்றினா போதும். எஸ்ஐபி-யை ஆட்டோ டெபிட்ல போடறோமே, அதே லாஜிக்.

மலை அடுத்த மாசமும் அங்கதான் இருக்கும். நல்லபடியா போயிட்டு வாங்க.

உங்க ஜூன் டிரிப் பட்ஜெட்டுல 'திரும்பி வர்ற பணம்' எவ்வளவு போட்டிருக்கீங்க? கமெண்ட்ல சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும். அடுத்த பதிவுல சந்திப்போம்.